கேமரா பிடிப்பவள்

என் வேலை நடுங்காமல் இருப்பது.
கத்தி என்னிடம் இல்லை, கத்தரியும் இல்லை.
முப்பது பாகை சாய்ந்த ஒரு கண்,
அதன் நுனியில் ஒரு விளக்கு.
டாக்டர் டுபேயின் கருவி எங்கே திரும்புகிறதோ
அங்கே நான் முன்பே நிற்க வேண்டும்.

மேசையில் மோகனாம்பாள் மூட்லி,
அறுபத்திரண்டு வயது, சாட்ஸ்வர்த், ஏழாவது யூனிட்.
ஜேகப்ஸ் தையல் ஆலையில் முப்பத்தொரு வருடம்
சட்டைகளுக்குப் பித்தான் துளை போட்டவள்.
முந்தின இரவு கேட்டாள்:
"எத்தனை துளை?"
ஐந்து என்றேன்.
"ஒரு சட்டைக்குக்கூடக் காணாதே."

காற்று ஏற்றுகிறோம்.
கூடாரத் துணிபோல் வயிறு எழுகிறது.
நுழைகிறேன்.
ஈரலின் விளிம்பு பளபளக்கிறது.
கொழுப்பு இவ்வளவு மஞ்சளா என்று
இன்னும் வியப்புத் தீரவில்லை எனக்கு.
அறுபத்திரண்டு வருடம் இருட்டிலேயே கிடந்த அறை.
இவள் புருஷன் பார்க்காதது, இவளே பார்க்காதது.
மன்னியுங்கள் அம்மா என்று
முகமூடிக்குள் முணுமுணுத்தேன்.

அதோ.
இரைப்பையின் வெளிச்சுவரில்
உரித்த லிச்சிபோல ஒன்று,
வழவழவென்று.
அழகு என்று நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

கருவி ஒரு கடி கடிக்கிறது.
வெட்டும்போதே தைத்தும் விடுகிறது,
இரு கரையிலும் மும்மூன்று வரிசை உலோகத் தையல்.
அவள் மிஷின்கூட இப்படிச் செய்ததில்லை.
என் வலது தோள் எரிகிறது.
திரை ஒரு மயிரிழை சாய்ந்தது.
"அடிவானம்," என்றார் டுபே.
வயிற்றுக்குள் எது அடிவானம்?
நிமிர்த்தினேன்.

பையில் இட்டு, வாயை இறுக்கி,
தொப்புள் வழியே வெளியே எடுத்தோம்.
எப்போதோ அவள் தாயிடமிருந்து
சோறு வந்த வழி.

இரண்டாம் நாள் போனபோது
கவுனைத் தூக்கிக் காயங்களைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஆலையில் சரக்குப் பார்ப்பவளின் முகத்தோடு.
"இந்த ஒன்று கோணல்."
அது நான் போட்டது.
வலிக்கிறதா?
வயிறு இல்லையாம். வலது தோள்.
"அங்கே யார் கை வைத்தது?"
யாரும் இல்லை, ஏற்றிய காற்றின் மிச்சம்,
உதரவிதானத்தை உரசினால் தோளில் வலிக்கும் என்றேன்.
நம்பவில்லை.
என் தோளும் விடாமல் வலித்துக்கொண்டிருந்தது,
அதைச் சொல்லவில்லை.

"அது நல்லதா கெட்டதா என்று எப்போது தெரியும்?"
வெள்ளிக்கிழமை.
சரி என்றாள்.
பித்தானே இல்லாத அந்தக் கவுனின் ஓரத்தை
இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.