பதினோரு டிரிப்பு

நண்டோடைக்குப்பம்.
வீடுகள் எழுபத்தொன்று. பூட்டியவை ஒன்பது.
பூட்டிய ஒன்பதில் இரண்டின் உள்ளே
மிக்சி ஓடுகிறது.

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவளை
ஆட்களைக் கணக்கெடுக்க அனுப்பியிருக்கிறார்கள்
இந்த வெயிலில்.

அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம்
என்று கேட்கிறது படிவம்.
இதோ தெரிகிறது,
சாம்பல் படிந்த ஓடைக்கு அந்தப் பக்கம்
சாய்ந்த ஒரு போர்டு, கீழே
குடை பிடித்து நிற்கும் யாரோ ஒருத்தி.
படகில் போனால் ஒரு பீடி தூரம்.
ரோட்டில் போனால் நாலரை கிலோமீட்டர்,
நடுவே
துறைமுகம் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள்,
டிரைவர்கள் அடியில் படுத்து உறங்க.
படிவத்தில் படகு இல்லை.
பீடியும் இல்லை.

ரயில் நிலையம்?
"கேக்குது டீச்சர்," என்றாள் அமுலு,
"காத்து இப்புடி அடிச்சா."
உண்டு என்று குறிப்பதா, இல்லை என்றா?

ஷேர் ஆட்டோ தேசிங்கு சிரித்தான்.
"வூடு வூடா இன்னாத்துக்கு அலையறே?
என்னைக் கேளு. பதினோரு டிரிப்பு, அவ்ளோதான் ஊரு."

மூன்றே முக்காலுக்குக் காசிமேட்டு ஏலம்;
தனக்கொன்று கூடைக்கொன்று என
இரண்டு இடம் பிடிப்பாள் மச்சகாந்தி.
ஐந்தரைக்கு மணலி கான்ட்ராக்ட் ஆட்கள்,
மடியில் நீல ஹெல்மெட்.
எட்டு பத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் பதினாலு பேர்,
போலீஸ் கண்ணுக்கு ஏழு.
செவ்வாய், வெள்ளி ஸ்டான்லிக்கு யேசுபாதம் மட்டும்,
டயாலிசிஸ்,
போக காசு, வர காசில்லை.
கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் ஏறுபவர்களையும் சேர்த்து
ஸ்டியரிங்கில் விரல் தட்டிக் கூட்டினான்:
இருநூற்று அறுபத்தெட்டு.

என் தாளில் இருநூற்று எழுபத்து நான்கு.

அப்படியானால் ஆறு பேர்
இந்த ஆட்டோவில் ஏறியதே இல்லை.

தேடிப் போனோம், எனக்கு வேலை, அவனுக்கு ரோஷம்.
பிறந்து பதினேழு நாளான, பெயர் வைக்காத ஒன்று.
காலில் இரும்புத் தகடு விழுந்ததிலிருந்து
கட்டிலைவிட்டு இறங்காத டில்லிபாபு.
தகரக் கொட்டகையில் ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர்;
கம்பெனி வேன் எடுத்துப் போகும், கொண்டுவந்து போடும்,
தீப்பெட்டி வேண்டுமென்றால் விரலை உரசிக் காட்டுவார்கள்.
பிறகு செல்வராணி.
"அந்த ரோட்ல எங்க வூட்டுக்காரு
வண்டியோட போனவரு. நான் போ மாட்டேன்."
கொஞ்சம் பொறுத்து,
"அவரையும் எழுதிக்கினியா?"

பயண முறை என்ற கட்டத்தில்
பேனா நெடுநேரம் நின்றது.

ஐந்துதான் ஆயிற்று.
இன்னொரு முறை தெருவைச் சுற்றினோம்,
பூட்டிய வீட்டு மிக்சியையும் சந்தேகப்பட்டு.
"உன் கணக்கு தப்பு டீச்சர்," என்றான்
டிரைவர் சீட்டில் இருந்தபடி
தேசிங்கு, வயது முப்பத்தாறு, ஆண், மணமாகாதவர்.

கடைசி டிரிப்பில் என்னை ஏற்றிக்கொண்டான்.
லாரி வரிசையில் ஐம்பது நிமிடம்.
நிறுத்தத்தில் இறங்கி, தூறலுக்குக் குடை விரித்துத்
திரும்பிப் பார்த்தால்
காலையில் உட்கார்ந்து எழுதிய அதே படகு,
கூப்பிட்டால் கேட்கும்.

நாலரை என்று எழுதியிருந்தேன்.
அடிக்கவில்லை.

அக்கரையில் யாரோ கையசைத்தார்கள்.
கொசுவை விரட்டியதாகவும் இருக்கலாம்.