லேபிள் ஒட்டுகிறவள்

ஒன்பது வருடமாக இந்தச் சொற்களை ஒட்டுகிறேன்.
கறுத்த பிளம். ஈரத் தோல். தூரத்துப் புகை.
கீழே பொடி எழுத்தில்:
இட்டாட்டா பள்ளத்தாக்கு, சிலி.
பசை காய்வதற்குள் கட்டைவிரலால் நீவிவிட்டால்
குமிழி இல்லாமல் படியும்.

குடித்ததில்லை.
எங்கள் சபையில் திராட்சை என்றால் சாறுதான்,
அதுவும் திருவிருந்து ஞாயிறுகளில்,
மருந்து மூடி அளவுக் கோப்பையில்.

சனிக்கிழமை, வேலை முடிந்து கைகழுவும்போது
நோல்பெர்த்தோ ஒரு பீப்பாயை நிமிர்த்தி மேசையாக்கினான்.
ஆறு கிளாஸ்.
"சுனில்தா, நீ ஒட்டுகிறதை
ஒரு தடவை வாயால் படித்துப் பார்."
ஓர்ஃபெலினா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.
எங்கள் லாரி டிரைவர் பாஸ்டருக்கு மச்சான்.

முதலாவது வெள்ளை, மொஸ்காத்தெல்.
கிட்டே கொண்டுபோனதுமே
ஆரஞ்சுப் பூ, புதுச் சோப்பு, யாரோ ஒருவருடைய கல்யாணம்.
வாயில் ஊற்றினால் இனிப்பே இல்லை.
மூக்குக்கு ஒரு வாக்குறுதி, நாக்குக்கு வேறொன்று.
எங்கள் மேயரை நினைத்துக்கொண்டேன்.
ஆனால் இந்தப் பொய் பிடித்திருந்தது.

இரண்டாவது பாயிஸ்.
சிவந்த பழங்கள் என்று ஒட்டியிருக்கிறேன்.
எனக்கு வந்தது
பஸ்ஸுக்காகக் காத்திருக்கையில்
உள்ளங்கை வியர்வையில் ஊறிய நூறு பெசோ நாணயம்.
சொல்லக் கூச்சம். சொல்லிவிட்டேன்.
நோல்பெர்த்தோ சிரிக்கவில்லை.
நோட்டைத் திறந்து "நாணயம்" என்று எழுதிக்கொண்டான்.

துப்ப வேண்டுமாம். வாளி இருந்தது.
பெண்பிள்ளைக்குத் துப்பக் கற்றுத்தருகிற வீடா எங்களுடையது?
இரண்டையும் விழுங்கியிருந்தேன்.
மூன்றாவதில் முயன்றேன்,
ஓர்ஃபெலினாவின் செருப்பு நனைந்தது.

அந்த மூன்றாவது, கரிஞான்,
துவர்ப்பென்றால் அப்படியொரு துவர்ப்பு.
பள்ளிக்கூடச் சுவரில் மோதி மோதி நசுக்கி
உப்புத் தொட்டுத் தின்போமே சீமைமாதுளை,
அதைப் போலக் கன்னமும் ஈறும் ஒன்றாகிவிட்டன.
ஒட்டுவது என் பிழைப்பு.
இன்று ஒரு பழம் என்னை ஒட்டியது.

நான்காவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
நல்ல மனிதர் யாரோ வந்து,
உட்காராமலே போனது மாதிரி.

ஐந்தாவதில் குமிழி.
இவ்வளவு வருடம் நான் நீவி நீவித் துரத்தியதை
வேண்டுமென்றே உள்ளே விட்டுவைத்து
அதற்கு இரண்டு மடங்கு விலையும் வைத்திருக்கிறார்கள்.
சிரிப்பு வந்தது. ஏப்பமும்.

ஆறாவது புட்டி வெறும் கண்ணாடி.
என் கை படாதது.
மலை எரிந்த வருடத்து அறுவடை, என்றான்.
விற்கவில்லை. நாலாயிரம் புட்டிகள்
பின்னறையில், சுவரைப் பார்த்தபடி.

முதலில் பழம்தான்.
பரவாயில்லையே என்று விழுங்கியபின்
தொண்டையிலிருந்து மெதுவாகத் திரும்பி ஏறியது
சாம்பல்.

ஈரக் கம்பளியைக் கதவில் தொங்கவிட்டு
நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த இரவு.
பைன் காய்கள் வெடித்து வெடித்து ஓடையைத் தாண்டின.
விடிந்தபோது கொடியெல்லாம் நரைத்திருந்தது.
தோலைக் கழுவினோம், பழம் பழமாக.
தோல் அதற்குள் குடித்து முடித்திருந்தது.

"இது டொன் பெலார்மினோவின் கொட்டகை" என்றேன்.
"இரண்டு பசு. அந்தச் செவலை நாய்."

நோல்பெர்த்தோ பேனாவை எடுக்கவில்லை.
இதுவரை வாளியைத் தேடிக்கொண்டிருந்த ஓர்ஃபெலினா
கிளாஸை நீட்டினாள்.
"எனக்கும் கொஞ்சம்."

திங்கள்கிழமை புதுக் கட்டுப் பிரித்தோம்.
கறுத்த பிளம். ஈரத் தோல்.
அதற்கடுத்த சொல்லின்மேல் கட்டைவிரல்
கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது.
பசை காய்ந்துவிட்டது.

ஒரு குமிழி.
கடுகளவு.
அப்படியே பெட்டியில் வைத்தேன்.