முப்பது ஆம்பியர்

நார்த் டகோட்டாவில் அக்டோபர் முடிகிறது.
லாரிகள் கொட்டிப்போன சர்க்கரை பீட்ரூட்
ரெட் ரிவர் சமவெளியில் மலையாகக் கிடக்கிறது.
பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட்.
எனக்கு இரவு, வெண்டலுக்குப் பகல்.
ஒரே கட்டிலை முறைவைத்துச் சூடாக்குகிறோம்.

முகாமில் வண்டி நிறுத்த வாடகை இல்லை.
ஆளுக்கொரு கம்பம்,
கம்பத்துக்கு முப்பது ஆம்பியர்.
அதற்குமேல் ஒரு வாய் கேட்டால்
சுவிட்ச் டப்பென்று விழும்.
ஹீட்டர் பன்னிரண்டு தின்னும்.
காபி மெஷின் எட்டு.
பேட்டரி சார்ஜர் இன்னொரு எட்டு.
ஃபிரிட்ஜ் வெறும் மூன்று.
பந்தியில் கடைசியாக உட்கார்ந்தது அதுதான்;
பழியும் அதன்மேல்தான்.

"ஃபிரிட்ஜை கேஸுக்கு மாத்து" என்கிறான் வெண்டல்,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.
"கேஸுக்குக் காசு. கரண்ட் சும்மா வருது" என்கிறேன் நான்.
இருபத்திரண்டு வருடத்தில்
எங்கள் சண்டைகளிலேயே சின்னது இது.
மூன்று ஆம்பியர்.
ஆனால் தினமும் வந்தது.

பழைய ரக ஃபிரிட்ஜ். மோட்டார் இல்லை, முனகல் இல்லை.
கேஸில் ஓடும்போது, வண்டிக்கு வெளியே போய்
பின்தட்டைத் திறந்து பார்த்தால்
சுண்டுவிரல் நகமளவு நீலச் சுடர்.
அது அமோனியாவைக் காய்ச்சுகிறது,
அமோனியா ஆவியாகி ஏறி
எங்கேயோ சுற்றி இறங்கி
வெண்ணெயைக் குளிரவைக்கிறது.
நெருப்பு எப்படிக் குளிரும்?
ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன்.
"நீ வண்டியச் சாயாம நிறுத்து,
மத்தத அது பாத்துக்கும்" என்பான்.
அவனுக்கும் தெரியாது என்பது
எனக்குத் தெரியும்.

பூஜ்யத்துக்குக் கீழே பதின்மூன்று போன அன்று
பக்கத்து வண்டி டார்லா சிரித்தாள்:
"ஊரே ஃபிரிட்ஜ். உங்களுக்கு எதுக்கு இன்னொண்ணு?"
அவள் பால்கேன் படிக்கட்டில் இருந்தது.
காலையில் அது வயிறு வீங்கி
மூடியைத் துப்பிவிட்டு நின்றது.

வெண்ணெய்த் தட்டில்
வெண்டலின் இன்சுலின் பேனாக்கள் ஐந்து.
உறைந்தால் கெட்டுவிடும்.
உருகிய பிறகு பார்த்தால்
எதுவும் நடக்காததுபோல் இருக்கும்,
அதுதான் பயம்.
குளிரவைக்க வாங்கிய பெட்டி
இந்த ஊரில் உறையாமல் காக்கிறது.
பின்பக்கத் துவாரத்தில் பாதியை
அலுமினியத் தாள் ஒட்டி மூடினோம்.
கரண்டில்தான் ஓடியது. நான்தான் ஜெயித்திருந்தேன்.

வியாழன் பின்னிரவு மூன்று மணி.
பீட்ரூட் குவியலின் உச்சியிலிருந்து பார்க்கிறேன்:
காற்று ஒரு ஊது ஊதியது,
முகாம் மொத்தமும் அணைந்தது.
இங்கே மெஷினுக்கு ஜெனரேட்டர் உண்டு,
லாரிகள் நிற்கவில்லை, நானும் நகர முடியாது.
நம்முடையது தானாக கேஸுக்கு மாறாது.
குமிழைத் திருப்ப ஒரு கை வேண்டும்.
அந்தக் கைக்கு உடையவன்
இடி விழுந்தாலும் எழுந்திருக்காதவன்.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன்.
ஜன்னலின் உட்புறம் வெள்ளைப் பூச்சு.
குமிழ் கேஸில் இருந்தது.
எழுந்திருக்கிறான்.
சிங்க்கில் கருகிய தீக்குச்சிகள், எண்ணினேன், பதினொன்று.
வெண்ணெய்த் தட்டு காலி.
மூன்று கம்பளிக்கு அடியில் வெண்டல்,
உள்சட்டைப் பையில் பேனாக்கள் வரிசையாக,
பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி.

"சிலிண்டர் காலி" என்றான், கண் திறக்காமல்.
செவ்வாய்க்கிழமையே நிரப்பியிருக்க வேண்டும்.
என் முறை.
ஒன்றும் சொல்லாமல் கையுறையை மறுபடி மாட்டினேன்.

அப்போது கரண்ட் வந்தது.
ஹீட்டர் உறுமியது, சார்ஜர் முனகியது,
ஃபிரிட்ஜ் குமிழைத் திருப்பினேன்.
பழக்கதோஷத்தில்
காபி மெஷினையும் தட்டினேன்.

டப்.