தவறான விடைகள்

கேள்வி எழுதுவது சுலபம்.
தவறான விடை எழுதுவதுதான் வேலை.
சரி ஒன்று போதும், மற்ற மூன்றும்
தவறு என்று முகத்தில் எழுதி
ஒட்டியிருக்கக் கூடாது.

அதற்காகவே பாடாங் செராயில்
காதைத் திறந்துவைத்து நடக்கிறேன்.
பெட்ரோல் நிலையத்தில் செம்பனைக் குலை லாரி.
ஓட்டுநர் கைப்பேசியில் யாரிடமோ,
‘பாஸ், யெஸ்டர்டே ஐ கோ,
கேட் குளோஸ் ஆல்ரெடி’ என்று மன்றாடுகிறான்.
ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.
பதினேழாம் கேள்வி, விடை சி.

சனிக்கிழமை, இரும்புக்கடைக்கு மேல்மாடி.
கூலிம் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் வேலைக்குப்
பதினோரு பேர், பதினோரு பென்சில்.
விசிறி தாளைப் பறிக்கப் பார்க்கிறது.
‘பாரோ’வா ‘லெண்ட்’டா என்று
அழிப்பானைக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள் தவமலர்.
கடன் என்ற ஒரே சொல்லை வைத்து
வாங்கியும் கொடுத்தும் முப்பது வருடம் ஓட்டியவள்.
அவளுக்கு இந்தத் திடீர்ப் பாகப்பிரிவினை எதற்கு?

கடைசி மேசையில் அந்த லாரிக்காரன்.
தனபாலன் என்று தாள் சொல்கிறது.
ஒன்று முதல் பதினாறு வரை
வியர்த்து, அழித்து, மறுபடி வியர்த்து,
பதினேழில் மட்டும் தயங்கவில்லை.
சந்தைக் கூட்டத்தில் சொந்தக்காரனைப் பார்த்தவன்போல
லேசாகச் சிரித்து
சி வட்டத்தைக் கறுப்பாக்கினான்.

இரவு. சிவப்பு மை.
திருடியவன் நான்,
தண்டனை பொருளுக்கு உரியவனுக்கு.

அப்புறம் கேட் திறந்ததா,
சம்பளத்தில் பிடித்தார்களா?
அதை அறிய
நான்கு தெரிவுகளிலும் இடம் வைக்கவில்லை.