ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ்

வாயிலில் பெயர்ப்பலகை மாற்றுகிறார்கள், மறுபடியும்.
நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு இது மூன்றாவது.
ஏணிமேல் நிற்பவன் பழைய எழுத்துகளை
ஒவ்வொன்றாய் நெம்பி வாளியில் போடுகிறான்.
பித்தளை.
சத்தம் ஆவண அறைவரை இறங்கி வருகிறது.

என் வேலை எளிது.
இந்த ஆள் இங்கே படித்தாரா என்று கேட்பார்கள்,
டொரன்டோவிலிருந்து, பெர்த்திலிருந்து, பக்கத்துத் தெருவிலிருந்து.
ஆம் அல்லது இல்லை.
அவர்கள் சான்றிதழில் ஒரு பெயர்,
எங்கள் கடிதத்தலைப்பில் இன்னொன்று.
"அந்தக் கல்லூரியும் நாங்கள்தான்" என்று தொடங்கும் பத்தியைக்
கண்ணை மூடிக்கொண்டே தட்டுவேன்.

இன்றைக்கு ஃபீனிக்ஸிலிருந்து ஒரு கடிதம். நீல மை.
"1951. மின்கம்பி வேலை, மாலை வகுப்பு.
தேறினேன். தாள் வரவில்லை.
எழுபத்தைந்து வயதில் யாரிடமும் வேலை கேட்கப் போவதில்லை.
சுவரில் ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறேன்.
இப்படிக்கு, அங்கமுத்து கவெண்டர்."

பேரேட்டை இறக்கினேன். தும்மல்.
அப்போது கல்லூரிக்குச் சொந்தக் கூரை கிடையாது.
நிலம் தர நகரசபை யோசித்தது,
யோசித்து முடிப்பதற்குள் ஓர் உலகப்போரே முடிந்துவிட்டது.
பகலில் பிள்ளைகள் படித்த பள்ளியை
இரவில் இரவல் வாங்கினார்கள்.
ஏழு வயதுக்கென்று அடித்த பெஞ்சில்
ஓட்டல் வெயிட்டர்களும் சலவைக்காரர்களும்
முட்டி இடிக்க உட்கார்ந்து
ஓமின் விதியை எழுதியிருக்கிறார்கள்.
ஓரத்தில் யாரோ ஓர் ஆசிரியரின் பென்சில்:
"மாணவர் உறங்கினார். எழுப்பவில்லை."
நன்கொடைப் பக்கத்தில்:
"கீரைக்காரி, சந்தை. பெயர் சொல்ல மறுத்தாள். இரண்டு பென்ஸ்."

கவெண்டர், அ. இதோ.
கோட்பாடு அறுபத்தெட்டு. செய்முறை எண்பத்தொன்று.
பிறகு சிவப்பு மை:
கட்டணம் பாக்கி ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ்,
தாள் நிறுத்திவைக்கப்பட்டது.

ஷில்லிங் செத்து நாற்பத்தைந்து வருஷம்.
எவர் எந்த வகுப்பில் உட்காரலாம் என்ற சட்டமும் செத்தது.
பாக்கி மட்டும் உயிரோடு இருக்கிறது,
ஈரம் காயாததுபோல்.

லெங்கிவே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள்.
அந்தப் பக்கம் வெள்ளையருக்கென்று கட்டிய கல்லூரி,
இந்தப் பக்கம் நமக்கென்று விட்டது.
நடுவில் கம்பி.
மின்சாரம் இரண்டு பக்கமும் ஒரே விதிப்படிதான் ஓடியது.
இணைத்து நான்கு வருஷமாகிறது,
கோப்புகளுக்கு இன்னும் இரண்டு நிறம்.

அவள்தான் கணக்குப் போட்டாள்: எழுபத்தைந்து சென்ட்.
சிரித்தோம். இதற்கு ஒரு வாழைப்பழம் வராது.
பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்:
"உன் ஆளுக்குப் பாக்கியாவது இருக்கிறது.
என் அம்மா இருபது வருஷம்
இந்த வேலியை ஒட்டித்தான் பெரியா மேட்டுக்கு ஏறினாள்,
அடுத்தவர் துணி துவைக்க.
இரண்டு பேரேட்டிலும் தேடிப்பார்.
கடனாகக்கூட அவள் பெயர் இல்லை."

அதற்கு என்னிடம் தயாராய் ஒரு பத்தி இல்லை.

காசாளர் ஜன்னலில் சில்லறையை வைத்தேன்.
பையன் கணினியைத் தட்டினான், மறுபடி தட்டினான்.
"எண்பதுக்குக் கீழே இது இறங்காது, அக்கா.
அந்த வருஷமே இல்லை."
சில்லறையை ஓர் உறையில் போட்டு
அங்கமுத்துவின் வரிமேல் ஒட்டினேன்.
சிவப்பை அடித்துத் தேதி போட்டேன், சுருக்கொப்பமும்.
எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.

சான்றிதழில் எந்தப் பெயரை அச்சடிப்பது?
அதை மேலே இருப்பவர்கள் ஆறு மாதம் பேசுவார்கள்.
அதுவரை அந்த ஆணிக்கு ஒரு கடிதம்.
"அந்தக் கல்லூரியும் நாங்கள்தான்"
என்று இம்முறை கண்ணைத் திறந்து தட்டினேன்.
"அந்த வேலியும் நாங்கள்தான்"
என்று கீழே சேர்த்தேன், எடுத்தேன்,
லெங்கிவே பார்த்துக்கொண்டிருந்தாள்,
மறுபடி சேர்த்தேன்.

படிக்கட்டில் வாளியோடு அந்த ஆள்.
இந்த எழுத்துகளை எங்கே கொட்டுவது என்று கேட்டான்.
"இங்கேயே வை," என்றாள் அவள்,
"கடைசியில் எல்லாம் இங்கேதான் வரும்."