நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு

இரவு இரண்டே காலுக்குப் போன்.
ஐந்தாம் பெல்ற். கயிறு இழுத்தும் நிற்கவில்லை.
நான்தான் இங்கிருந்து நிப்பாட்டினேன்,
ஆளுக்கு ஒன்றுமில்லை, செருப்புத்தான் போச்சு
என்றார் நிஸ்தார், கொன்ட்ரோல் அறையிலிருந்து,
சாமான் கணக்குச் சொல்கிற குரலில்.

உப்புவெளியிலிருந்து சீனக்குடா வரை
எனக்கும் நாய்களுக்கும் மட்டும்தான் றோட்டு.
தெருவிளக்கு எரியாத வளைவில்
கப்பலின் வெளிச்சம் தெரிந்தது.
பாதிக் கோதுமை இன்னும் அதன் வயிற்றில்.
அது ஒரு நாள் சும்மா நிற்கிற காசு
என் நாலு வருசச் சம்பளம்.

கோணலிங்கம் ஒற்றைச் செருப்போடு
மூட்டையில் குந்தியிருந்தார்.
"இழுத்தன் பிள்ள. ரெண்டு தரம்.
பிறகு கத்தினன். கத்தினா நிக்குமா அது."
சிரித்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பைதான்
நிலைகொள்ளவில்லை.

கயிற்றைத் தொட்டுக்கொண்டே நடந்தேன்,
எண்பது மீற்றர். எங்கும் தொய்வில்லை.
சுவிச்சின் மூடியில் நாலு திருகாணி,
கடற்காற்று மூன்றைத் தின்றுவிட்டது.
உள்ளே மாவும் உப்பும் குழைந்த பசை.
துடைத்து இழுத்தால்
க்ளிக். சுத்தமான க்ளிக்.

சந்திப்பெட்டிக்குள் காய்ந்த பல்லி.
சனம் பல்லி சொன்னால் பலன் பார்க்கும்.
நான் செத்த பல்லிக்குப் பார்ப்பேன்:
இரண்டு முனைக்கு நடுவே கிடந்தால் ஷோர்ட்,
ஓரமாய்க் கிடந்தால் அதன் விதி.
இது ஓரம்.

பிறகு பனல்.
நாற்பத்திரண்டில் மீற்றரின் ஊசிமுனையை வைத்து
வோக்கியில் சொன்னேன்: இழு.
இழுத்தாச்சு.
இருபத்துநாலு வோல்ற்று.
விடு. இழு.
இருபத்துநாலு.
மீற்றர் பொய் சொல்லாது என்பார்கள்.
சொல்லும், பற்றறி குறைந்தால் வடிவாய்ச் சொல்லும்.
பற்றறி மாற்றினேன்.
இருபத்துநாலு.

வயர்களை மூடிய பிளாஸ்ரிக் பட்டையைக் கழற்றினேன்.
நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் குறுக்கே
அரை விரல் நீளத்தில் நீல வயர்.
கயிறு இழுத்தாலென்ன, அறுந்தாலென்ன,
ஆள் போனாலென்ன,
எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டேயிருக்கும்
அரை விரல்.

அதில் ஒட்டிய பேப்பர் ரேப்பில்
கறுத்த மார்க்கரில்: தற்காலிகம்.
"க"வின் வால் தேவைக்கு மேல் வளைந்திருந்தது.
அப்படி வளைப்பது
இந்த ஆலையில் ஒரே ஆள்.

இரண்டு ஒக்ரோபருக்கு முந்திய மழை.
சுவிச்சுக்குள் தண்ணி. அன்றும் ஒரு கப்பல்.
விஜேகோன் சேர் பின்னால் நின்று
ஹெட்ட ஹதமு என்றார்.
நாளைக்குச் செய்வோம்.
வேலைக்கு வந்து நான் முழுதாய் விளங்கிக்கொண்ட
முதல் சிங்கள வசனம்.
ஐந்து கிழமையில் புதுச் சுவிச் வந்தது.
பூட்டினேன். க்ளிக் கேட்டது.
கையெழுத்து வைத்தேன்.
அதன்பின் மாதாமாதம்
க்ளிக்கைக் கேட்டு, கையெழுத்து வைத்தேன்.

வேறு யாருக்கும் அந்தச் சொல் பிடிபடாமல் போயிருக்கலாம்.
எனக்குப் போயிருக்கக் கூடாது.
தற்காலிகம் என்று பலகை நட்ட தகரக் கொட்டிலில்
ஆறாம் வகுப்பிலிருந்து ஏ.எல். வரை படித்தவள்.
பலகை உக்கி விழுந்தது,
கொட்டில் நின்றது.

வயரைக் கழற்றினேன்.
பெல்ற்றை ஓடவிட்டு, இழு என்றேன்.
பூச்சியம்.
ஐந்தாம் பெல்ற் ஒரு முனகலோடு நின்றது.
கொஞ்ச நேரம் குடாவின் தண்ணிச் சத்தம்கூடக் கேட்டது.

பதிவுப் புத்தகத்தில்
சரிசெய்தவர் என்ற கட்டத்தில்
தர்மினி.
காரணம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
வயர்ப் பழுது என்று எழுதினால்
அது பொய்கூட இல்லை.
விஜேகோன் சேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
ரேப் என் சட்டைப்பைக்குள்.

வெளியே வந்து கோணலிங்கத்திடம் நீட்டினேன்.
வெளிச்சத்துக்குத் திருப்பி
எழுத்துக் கூட்டி வாசித்தார்.
"ஆர்ர எழுத்து?"
"என்ர."

வயரை இரண்டு விரலால் மடித்தார், நிமிர்த்தினார்.
வெறுங்காலை மற்றக் காலில் தேய்த்துக்கொண்டார்.
"செருப்பு அறுநூற்றைம்பது"
என்றார்.