வாளி

கால்கரியின் வடகிழக்கில் ஆலங்கட்டி பெய்த மாலை
தலைக்கு வந்தது கார்க் கூரையோடு போனதென்று
சாடில் ரிட்ஜ் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.
பிறகு எல்லோரும் படம் எடுத்தார்கள்.
முட்டைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி,
இரண்டு டாலர் காசுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி,
அம்மை வார்த்த முகம்போல் ஒரு போனட்.

எங்கள் காப்பீட்டுச் செயலி அத்தனையையும் வாங்கி
மடியிலேயே முடிந்துகொண்டது,
சர்வரின் சின்ன டிஸ்க்கில், ஒரே ஃபோல்டரில்.
நள்ளிரவில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திப்
புதிய பதிப்பை ஏற்றினேன்.
பழைய சர்வர் எழுந்து
வேட்டியை உதறிக்கொண்டு போனது.
மடியில் இருந்ததும் போனது.
நானூற்றுப் பன்னிரண்டு கார்கள்.

காலையில் ஹர்லீன் அழைத்தாள்.
மறுபடி அனுப்புங்கள் என்று அவள் சொன்னதற்கு
ஒருவர் கேட்டாராம்:
கட்டி கரைந்துவிட்டதே, இனி எதைப் படம் எடுக்க?

அன்றைக்கே மேகத்தில் இடம் வாங்கினோம்.
அடித்ததும் அதுதான்,
வைத்துக்கொள்ளப் போவதும் அதுவா
என்று சிரித்தாள் ஹர்லீன்.
அந்த இடத்துக்கு வாளி என்று பெயர்.
கொள்ளளவு கேட்டால் கட்டணம் சொல்லும் வாளி.
ஒரே பெயரில் வந்த இருபது படங்களுக்கு
யாராலும் கூப்பிட முடியாத நீளத்தில் பெயர் வைத்தேன்.
பூட்டினேன்.
பார்க்க வருபவருக்குப்
பதினைந்து நிமிடம் உயிரோடிருக்கும் ஒரு முகவரி.
எங்கள் தரவுத்தளத்தில் இப்போது படம் இல்லை,
படம் எங்கே என்ற குறிப்பு மட்டும்.

அக்டோபரில் கணக்குப் பார்த்தேன்.
வாளியில் இருந்தும்
எந்தக் குறிப்பிலும் இல்லாதவை பதினேழு.
கேட்பாரற்றவை.
அழிக்கும் கட்டளையைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டு
ஒன்றைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம்.

காரில்லை, கூரையில்லை.
ஓர் உள்ளங்கை, ரேகைகளில் நீர்,
நடுவில் பாதி கரைந்த கட்டி.
ஓரத்தில் சமையலறைத் தரை,
ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை.
அனுப்பியவர் படிவத்தைப் பாதியில் விட்டு
எழுந்து போயிருக்கிறார்.

பதினாறை அழித்தேன்.
விதிப்படி அதையும் அழித்திருக்க வேண்டும்,
தொண்ணூறு நாளில் வாளியே அழித்துவிடும்,
அதுவரை என்று சொல்லிக்கொண்டேன்.

வெளியே முதல் பனி.
கோரிக்கையே போடாத என் காரில்
பள்ளங்கள்தான் முதலில் நிறைந்தன.